பெட்டியின் மூச்சு

அச்சிலிருந்து உதிர்த்த அன்றைக்கு ஈயக் குண்டு வெள்ளிமணி போல மின்னும். சில நாளில் அந்த மினுக்குப் போய்ச் சாம்பல் நிறம் ஏறிவிடும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. காற்றுப் பட்ட ஈயம் தானே போர்த்திக்கொள்ளும் ஆக்சைடுப் படலம் அது. உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பதும் அதுதான். ஆனால் சில பெட்டிகளில் போட்டுவைத்த குண்டுகள் மட்டும் நாளடைவில் திருநீறு குழைத்துப் பூசியதுபோல வெளுத்துவிடுகின்றன. விரலால் தேய்த்தால் பொடி உதிரும்; உதிர்ந்த இடத்தில் குழி விழுந்திருக்கும். பழனி மலையின் பேத்துப்பாறை போன்ற மலையூரில் இதற்குக் காரணம் கேட்டால் கை முதலில் வானத்தைத்தான் காட்டும். மூடுபனி சன்னல் வழியே வந்து போகும் ஊர். அங்கே அரிவாள் துருப்பிடிக்கிறது, தோல்செருப்பில் பூஞ்சணம் பூக்கிறது, உப்பு கசிந்து நிற்கிறது. ஈயம் மட்டும் எப்படித் தப்பும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த ஊகம் பாதிதான் சரி. மீதிக் குற்றம் குண்டைப் போட்டு மூடிய பெட்டியின் மேல் இருக்கிறது, அதிலும் பெரிய பாதி அதுதான்.

வாதத்துக்குள் போகுமுன் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்குப் புழங்குகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் ஈயமும் அதுவே. குண்டு வார்ப்பது காரீயத்தில். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகும், காரீயம் 327 டிகிரியில். பின்னது தண்ணீரைவிடப் பதினோரு மடங்குக்கு மேல் கனமானது. உடம்புக்குள் போனால் நஞ்சு. ஒன்றுக்குக் கிடைத்த நற்பெயரை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுவதால் வரும் தவறுகள் நம் அடுக்களையில் ஏற்கெனவே உண்டு. இந்த அத்தியாயத்தில் ஈயம் என்றால் காரீயம். விறகடுப்பின் சூட்டுக்கே இளகிவிடும் குணத்தால்தான் அது வீட்டுத் தொழிலானது. கடற்கரையில் வலைக்கும் தூண்டிலுக்கும் எடைக்குண்டு வார்க்கிறார்கள். மலைப்பகுதிகளில், குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு வார்த்தார்கள். இரண்டாவது வேலை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. உரிமம் இல்லாமல் துப்பாக்கிக்கான குண்டைச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். உரிமம் இருந்தாலும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு வழிவிடவில்லை. தோட்டத்துக்குள் காட்டுமாடும் யானையும் இறங்குகிற பேத்துப்பாறைக்கும் அந்தச் சட்டம்தான். வேதியியலுக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. துப்பாக்கிக் குண்டுக்கு நேர்வதே தூண்டில் குண்டுக்கும் நேரும்.

ஈரம்தான் முதல் எதிரி என்றால், மண்ணுக்குள் கிடந்த ஈயம் ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. சாதவாகனர்கள் ஈயத்தில் காசு அடித்தார்கள். செங்கத்துக்கு அருகே ஆண்டிப்பட்டியில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஈயக் காசுகள் கிடைத்தன. நூற்றாண்டுக் கணக்கில் மழைநீர் ஊறிய மண்ணில் கிடந்தும் எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்கு அவை பிழைத்திருக்கின்றன. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் இன்னும் வலுவான சாட்சி. அவற்றின் கூரையில் வேய்ந்த ஈயத் தகடு தலைமுறை தலைமுறையாக மழையும் பனியும் தாங்கி நிற்கிறது. மேற்புறத்தில் கெட்டியான சாம்பல் நிறப் படலம், அவ்வளவுதான். அதே தகட்டைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தால், ஓக் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்புறம் பல இடங்களில் வெள்ளைப் பொடியாக அரித்துப் போயிருக்கிறது. மழையில் நனைந்த பக்கம் நலம், மழையே படாத பக்கம் நோய். நீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

விடை ஒரு பழைய தொழிற்சாலையில் இருக்கிறது. வண்ணத்துக்கான வெள்ளை ஈயத்தை டச்சுக்காரர்கள் உண்டாக்கிய முறை அது. மண்சட்டியின் அடியில் வினிகரை ஊற்றுவார்கள். வினிகர் தொடாதபடி அதற்கு மேலே ஈயத் தகட்டைச் சுருட்டி வைப்பார்கள். இப்படிப் பல சட்டிகளைச் சாணத்திலோ தோல் பதனிட்டு மிஞ்சிய மரப்பட்டையிலோ புதைத்துவிட்டு மூன்று மாதம் போலக் காத்திருப்பார்கள். புளித்து நொதிக்கும் சாணம் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் கொடுக்கும். திறக்கும்போது ஈயத்தின் பெரும்பகுதி வெள்ளை மாவாகியிருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, வினிகர் ஈயத்தைத் தொடவே இல்லை என்பது. அதன் ஆவி மட்டும் எழுந்து போய் ஈயத்தோடு சேர்ந்து ஈய அசிட்டேட்டாகிறது. கரியமில வாயுவும் ஈரமும் வந்து அதை ஈயக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. மாறும்போது, பிடிபட்டிருந்த அசிட்டிக் அமிலம் விடுதலையாகி அடுத்த அடுக்கு ஈயத்தைப் பிடிக்கப் போய்விடுகிறது. அமிலம் செலவாவதில்லை, கந்துவட்டிக்காரனின் முதல் போல, வசூலித்த கையோடு அடுத்த வீட்டுக்கு நடக்கிறது. அதனால்தான் மூக்குக்குக்கூட எட்டாத அளவு ஆவி, மூடிய இடத்தில் ஆண்டுக் கணக்கில் தங்கினால் ஒரு குண்டையே தின்றுவிட முடிகிறது. பிறக்கும் வெள்ளைப் பொருள் ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் படலம் ஒட்டி நிற்காமல் வெடித்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது உலோகம் வெளியே தெரிகிறது. ஆக்சைடுப் போர்வை காத்தது என்றோமே, அந்தக் காவல் இதில் கிடையாது.

நம் அடுக்களை அறிவு இந்த இடத்தில் கொஞ்சம் வழி தவறச் செய்யும். பாத்திரத்துக்கு ஆகாத புளிப்பு என்றதும் நமக்குப் புளிதான் நினைவுக்கு வரும். செம்பிலும் பித்தளையிலும் புளிக்குழம்பை வைத்தால் களிம்பு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புளியின் டார்டாரிக் அமிலம் ஆவியாகிப் பறப்பதில்லை. தொட்ட இடத்தோடு சரி. வினிகரின் அசிட்டிக் அமிலமும் எறும்புக் கடியில் இருக்கும் ஃபார்மிக் அமிலமும் பறக்கும் வகை. ஈயத்தின் தனிக் கதை பறக்கும் புளிப்போடுதான். அடுக்களையில் பாத்திரம் உலோகம், உள்ளே இருப்பது புளிப்பு. குண்டுப் பெட்டியில் அது தலைகீழ்: உள்ளே இருப்பது உலோகம், புளிப்பு பாத்திரத்திலிருந்து வருகிறது.

பெட்டியில் வினிகரை யார் ஊற்றினார்கள்? மரமே ஊற்றுகிறது. மரத்தின் நார்களை ஒட்டவைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளில் அசிட்டைல் என்னும் கூறுகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. காற்றின் ஈரம் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அசிட்டிக் அமிலம் பிறக்கிறது. அறுத்துப் பல ஆண்டான பலகையிலும் இது நிற்பதில்லை, வேகம்தான் குறைகிறது. ஓக் இதில் பேர்போனது. முழுக்க விலக்குப் பெற்ற மரம் என்று ஒன்று இல்லை. பழனி மலையில் மலிவாகக் கிடைப்பவை தோட்ட மரங்களான யூகலிப்டஸ், பைன், வாட்டில் போன்றவை. பழமும் காய்கறியும் ஏற்றும் பெட்டிக்குப் பெரும்பாலும் பச்சை வாடை போகாத பலகைதான் வாய்க்கும். ஒட்டுப்பலகை இன்னும் மோசம். அதன் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு காலப்போக்கில் ஃபார்மிக் அமிலமாகிறது. அட்டைப்பெட்டியும், குண்டு உருளாமல் இருக்க அடியில் விரிக்கும் செய்தித்தாளும் மரத்தின் பிள்ளைகளே. இப்போது டச்சுச் சட்டியின் சரக்குப் பட்டியலை மலைவீட்டு மரப்பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமில ஆவியைப் பலகை தருகிறது, ஈரத்தை மூடுபனி தருகிறது, கரியமில வாயு காற்றிலேயே இருக்கிறது. சாணத்தின் வெப்பம் ஒன்றுதான் குறை. அதனால் மூன்று மாதத்தில் முடிகிற வேலைக்குச் சில ஆண்டு பிடிக்கிறது.

அந்த வெப்பத்தையும் நாமே சில வேளை கொடுத்துவிடுகிறோம். மலைவீடுகளில் எதையும் ஈரமில்லாமல் வைக்கத் தெரிந்த இடம் அடுப்புக்கு மேலே உள்ள பரண். கொடைக்கானல் மலைப்பூண்டைப் புகை படும்படி தொங்கவிட்டு மாதக் கணக்கில் கெடாமல் வைப்பது இந்த மலையின் கைமுறை. பூண்டின் 2019ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுப் பெருமைக்குப் பின்னால் அந்தப் புகைக்கும் பங்கு உண்டு. ஆனால் விறகுப் புகையில் அசிட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் இருக்கின்றன. கண்ணை எரிப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. பூஞ்சணத்தை அண்டவிடாமல் செய்வதிலும் உண்டு. பூண்டுக்கு அது மருந்து, ஈயத்துக்கு அது டச்சுச் சட்டி. முன்னோர் முறை என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள், அந்த முறை எந்தப் பொருளுக்காக உண்டானது என்று கேட்பதில்லை.

மரத்தின் மேல் இவ்வளவு பழி சுமத்துவதற்கு அருங்காட்சியகங்களில் சான்று இருக்கிறது. இழுப்பறைகளில் அடுக்கிய கிளிஞ்சல்கள் வெள்ளை உப்புப் பூத்துச் சிதைவதை 1899இல் பைன் என்ற ஆங்கிலேயர் விவரித்தார். நுண்ணுயிரால் வரும் நோய் என்று அவர் நினைத்தார். அவர் பெயரால் அது இன்றும் நோய் என்றே வழங்குகிறது, ஆனால் கிருமி எதுவும் இல்லை. இழுப்பறை மரத்தின் ஆவிதான் சுண்ணாம்பு ஓட்டைத் தின்றது. மண்ணில் நூற்றாண்டுகளைக் கடந்த ஈயப் பொருள்கள், தோண்டி எடுத்து மர அலமாரியில் பத்திரப்படுத்திய பிறகு பொடியான வரலாறும் பல காட்சியகங்களுக்கு உண்டு. இன்னும் நெருக்கமான சான்று ஜெர்மனியின் லூபெக் நகரில் உள்ள யாக்கோபி தேவாலயத்தில் இருக்கிறது. அங்கே உள்ள பழைய ஆர்கன் இசைக்கருவியில் 15ஆம் நூற்றாண்டுக் குழல்கள் உள்ளன. ஈயமும் சிறிது வெள்ளீயமும் கலந்தவை. ஐந்நூறு ஆண்டு பாடிய குழல்கள் அண்மைக் காலத்தில் அடிப்பகுதியில் அரித்து ஓட்டை விழத் தொடங்கின. ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று காரணத்தைத் தேடியபோது, குழல்களுக்குக் காற்றூட்டும் மரப்பேழையின் காற்றில் அசிட்டிக் அமிலம் பிடிபட்டது. வெள்ளீயம் கூடுதலாகக் கலந்த குழல்கள் அதிகம் தாக்குப்பிடித்திருந்தன.

இந்தக் கடைசி விவரம் ஒரு மறுப்புக்கு விடையாகிறது. தாத்தா காலத்துக் குண்டுகள் மரப்பெட்டியிலேயே ஐம்பது வருடம் இருந்தன, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பழைய மரம் குறைவாகவே ஆவி விடும். இடுக்கு விட்ட பெட்டியில் அந்த ஆவி தங்காது, வெளியே போய்விடும். பழைய பாத்திரத்தையும் பற்றவைப்புத் துண்டையும் சேர்த்து உருக்கிய ஈயத்தில் வெள்ளீயம் கலந்திருக்கும், அது காவல். இன்று பேட்டரித் தகடு, பழைய குழாய் என்று கிடைத்ததையெல்லாம் உருக்குகிறார்கள். அதன் கலவை வார்ப்பவருக்கே தெரியாது. மேலும், பொடியாகிப்போன தாத்தாக்களின் குண்டுகளை யாரும் எடுத்துவைத்துக் காட்டுவதில்லை. மிஞ்சியதை மட்டும் எண்ணினால் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்.

நீரை நான் முழுதாக விடுவித்துவிடவில்லை. கூரைத் தகட்டின் அடிப்புறம் அரித்ததில் அங்கே திவலையாகப் படிந்த நீருக்கும் பங்கு உண்டு. ஆவி குளிர்ந்து உண்டாகும் நீர் காய்ச்சி வடித்ததுபோலத் தூய்மையானது. கிணற்று நீரிலும் மண் ஈரத்திலும் உள்ள உப்புகள் ஈயத்தின்மேல் கரையாத படலத்தைக் கட்டிக் காக்கும். தூய நீரில் அந்த உப்புகள் இல்லை, ஆகவே அது ஈயத்தை நேரடியாக அரிக்கும். மூடுபனித் திவலை இந்த வகைதான். ஆகவே மலையில் ஈரத்தைத் தடுப்பதும் வேண்டும். ஆனால் ஈரத்தைத் தடுக்க மரப்பெட்டிக்கு இறுக்கமாக மூடி போட்டால், உள்ளேயே பிறக்கும் ஆவியைச் சிறைவைத்ததாகிவிடும். நல்ல பாத்திரத்துக்கு இறுக்கமான மூடி காவல். கெட்ட பாத்திரத்துக்கு அதே மூடி கேடு. பெட்டி எவ்வளவு உறுதி, எவ்வளவு இறுக்கம் என்று கேட்பதற்கு முன்னால் அது எதை மூச்சாக விடுகிறது என்று கேட்க வேண்டும்.

வெளுத்தால் என்ன, துடைத்துவிட்டால் போச்சு என்பது அடுத்த மறுப்பு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கவலை தருவது. உருண்டையாக இருக்கும்வரை ஈயத்தைக் கையாள்வதில் கைகழுவும் ஒழுக்கம் பெருமளவு போதும். பொடியான பிறகு நிலைமை வேறு. ஈயக் கார்பனேட் இரைப்பை அமிலத்தில் உலோகத்தைவிட எளிதில் கரையும், மூச்சோடும் போகும். துணியால் துடைக்கும்போது அது குண்டிலிருந்து காற்றுக்கும், துணிக்கும், வேட்டி முந்திக்கும் மாறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. இந்தியா 2000ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கியதும் இதனால்தான். அப்படி விரட்டிய பொருளை ஒரு மோசமான பெட்டி மூலம் தூளாக்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்வது விந்தை.

இந்த மலை இதே பாடத்தை வேறொரு உலோகத்தில் பார்த்திருக்கிறது. கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில் சாக்குகளில் குவிந்து கிடந்தது 2001இல் வெளிவந்தது. அளவு ஏழு டன்னுக்கு மேல். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கண்ணாடியின் எடையைச் சாக்கு தாங்கலாம். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் என்பதைச் சாக்கு அறியாது. பாதரசத்தில் பொருளின் மூச்சு வெளியே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈயத்தில் பெட்டியின் மூச்சு உள்ளே போகாமல். இரண்டிலும் எடையையும் விலையையும் பார்த்துப் பாத்திரம் தேர்ந்தெடுப்பவர், கண்ணுக்குத் தெரியாத ஆவியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதில்தான் வைப்பது? பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் டப்பாக்கள், கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு. இவை எதுவும் புளிப்பு ஆவி விடுவதில்லை. பி.வி.சி. ஆகாது, முதுமையில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் கசியும். மூடியின் இடுக்கை அடைக்கிறேன் என்று சிலிக்கான் பசையைப் பிதுக்குகிறவர்கள் முதலில் அதை முகர்ந்து பார்க்கட்டும். பல வகைகளில் அடிக்கும் காடி வாடை அசிட்டிக் அமிலமேதான். ஊறுகாய் இருந்த பிளாஸ்டிக் டப்பா எத்தனை கழுவினாலும் வாடை போகாது. வாடை இருக்குமட்டும் ஆவி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் யோசனையும் வேண்டாம். காறிய எண்ணெயின் கொழுப்பமிலங்கள் ஈயத்தோடு சேர்ந்து சோப்பாகும். இன்னொன்று எடை. ஒரு லிட்டர் டப்பாவில் உருண்டைகளைக் கொட்டினால் இடைவெளி போக 60 விழுக்காடு இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உலோகம் நிற்கும். அது ஏறத்தாழ 7 கிலோ. ஐந்து லிட்டர் வாளி நிறைய என்றால் 35 கிலோ. கைப்பிடி பிய்ந்துவிடும், கண்ணாடிப் புட்டி என்றால் அடி கழன்றுவிடும். ஆகவே சின்னச் சின்ன, தடித்த பிளாஸ்டிக் டப்பா, குண்டு நன்றாக உலர்ந்த பிறகு, வெயிலுள்ள நாளில் மூடியது. பழைய ஹார்லிக்ஸ் புட்டி, கடுகு டப்பா போன்று அடுக்களையில் பிறந்தவை வேண்டாம். ஈயம் இருந்த டப்பா என்றாவது கடுகுக்குத் திரும்பிவிடும்.

கையில் இருக்கும் பெட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வகுத்த சோதனை அது. காட்சிப்பேழைக்கு உத்தேசித்த பொருளின் துண்டையும் ஈயம், வெள்ளி, செம்புத் தகடுகளையும் சிறிது நீரோடு கண்ணாடிக் குழாயில் மூடி, 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். கரிம அமிலத்தை உணர அவர் வைத்த கருவி ஈயம். குண்டு வார்ப்பவரிடம் அந்தக் கருவிக்குப் பஞ்சமில்லை. அடுக்களைக்குத் திரும்பாத இரண்டு கண்ணாடிப் புட்டிகள், கையுறை போட்டு ஈரத்தோடு உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரண்டு ஈயத்துண்டுகள், ஈரப் பஞ்சு. ஒரு புட்டியில் மட்டும் பெட்டிப் பலகையின் சீவலைப் போட்டு, இரண்டையும் மூடி வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். ஆய்வகச் சூடு இல்லாததால் ஒரு மாதத்துக்கு மேலும் பொறுக்க வேண்டிவரலாம். இரண்டும் ஒரேபோல மங்கியிருந்தால் பலகை பெரிய தீங்கில்லாதது. சீவல் உள்ள புட்டியில் மட்டும் திருநீறு பூத்திருந்தால், அந்தப் பலகையில் செய்த பெட்டியில் பூண்டு வைக்கலாம்.